அக்காகிட்ட கேளுங்க: விடிகாலை நண்பர் போயிட்டாரு

போன இதழ்ல, கூடப் பயிற்சி பண்ணுன டிரையத்லான் நண்பர் தவறிப்போனதப் பத்தி வந்த ஒரு கடிதத்த மட்டும் சுருக்கமா போட்டுட்டு பதில் அடுத்த தடவ சொல்றேன்னு எழுதியிருந்தேன். அதப் பாத்துட்டு அதே மாதிரி விஷயத்துக்கு இன்னும் மூணு பேரு எழுதிட்டாங்க. அதனால இந்தத் தடவ மாமியார் மருமகள் பஞ்சாயத்தெல்லாம் கிடையாது, எல்லாமே டிரையத்லான்தான், அதாவது ஒரே ரேஸ்ல நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க பினாங்குல ஒரு சின்ன டிரையத்லான் கிளப். எங்கள்ல பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக் குடுத்த அண்ணன் ரெண்டு மாசத்துக்கு முன்னால தூக்கத்துலயே மாரடைப்பு வந்து தவறிட்டாரு. வயசு 51. கடல்ல எப்பவும் கடைசியா வர்ற ஆளு கூடத்தான் நீந்தி வருவாரு, அவரு நெனச்சா முதல்லயே கரைக்கு வந்துடலாம். அவரு நினைவா ஏதாச்சும் செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஆளுக்கு ஒரு ஐடியா. படம் போட்டு ஜெர்சி அடிக்கலாம்னு ஒருத்தர், பினாங்குப் பாலத்துல சைக்கிள் ஊர்வலம் போலாம்னு ஒருத்தர், ரோட்டோரம் வெள்ளை சைக்கிள் வைக்கலாம்னு ஒருத்தர். லங்காவி ரேஸுக்கு அண்ணன் ஏற்கனவே காசு கட்டியிருந்தாரு, அவரு பேருல வர்ற ரேஸ் நம்பர் சீட்டக் கட்டிக்கிட்டு நான் ஓடுறேன்னு இன்னொருத்தர். அண்ணி எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. என்னக்கா செய்யறது? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல ஆகாததத் தள்ளிடுவோம்.

பாலம் வேணாம். 1985ல தொறந்த நாள்லேருந்து மோட்டார், காடி, லோரி எல்லாம் போகுது, ஆனா சைக்கிளுக்கு அங்க அனுமதி கிடையாது. 13.5 கிலோமீட்டர், காத்து வேற சைடுல தள்ளும். ஒருத்தர நினைக்கப் போய் இன்னொருத்தருக்குப் படையல் போடுற மாதிரி ஆயிடக் கூடாது.

வெள்ளை சைக்கிளும் வேணாம். அது 2003ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஆரம்பிச்ச பழக்கம், ரோட்டுல காடி மோதி சைக்கிள்காரங்க செத்த இடத்துல வைக்கிறது, ஓட்டுறவன் பாத்து ஓட்டட்டும்னு. உங்க அண்ணன் வீட்டுல கட்டில்ல போனவரு. நீங்க தஞ்சோங் பூங்கா பக்கம் ஒரு வெள்ளை சைக்கிள வச்சீங்கன்னா, பாக்குறவன் ஒவ்வொருத்தனும் அண்ணிகிட்ட எந்த லோரி மோதுச்சுன்னு கேப்பான், அவங்க ஒவ்வொரு தடவையும் இல்லங்க அப்படி இல்லன்னு ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கணும்.

அந்த நம்பர் விஷயம் கண்டிப்பா கூடவே கூடாது. ரேஸ் நடத்துறவங்க ஒத்துக்க மாட்டாங்கன்றது ஒரு பக்கம், கண்டுபிடிச்சா அடுத்த ரேஸுக்கே சேக்க மாட்டாங்க. அத விடுங்க. அந்த நம்பருக்குப் பின்னால இருக்குறது அண்ணனோட ரத்த வகை, அவரோட மருந்து விவரம், அவசரத்துக்குக் கூப்புடுற போன் நம்பர். அது யாரு நம்பர்னு நினைக்கிறீங்க? அண்ணியோடதுதான். கடல்ல நீந்தும்போது உங்க ஆளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, செத்துப்போன புருசன் பேரச் சொல்லி அவரு மயங்கி விழுந்துட்டாருன்னு அந்த அம்மாவுக்குப் போன் போவும். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன். கட்டுன காசு திரும்பக் கிடைக்குமான்னு வேணா மரணச் சான்றிதழ வச்சு எழுதிக் கேளுங்க, கெடச்சா வீட்டுல குடுங்க.

ஜெர்சி பரவால்ல, ஆனா படத்த நீங்களே முடிவு பண்ணாதீங்க. நீங்க பல்லக் காட்டிக்கிட்டு வேர்வையில எடுத்த செல்பி உங்களுக்கு அழகா இருக்கும், வீட்டுல அத முதுகுல பாக்கப் புடிக்குமான்னு தெரியாது.

இப்ப ஆகுறது. ஹவாய்ல நடக்குற அயர்ன்மேன்ங்கிற நீளமான டிரையத்லான் ரேஸ்ல 2005ல ஜோன் பிளேஸ்னு ஒருத்தர் கலந்துக்கிட்டாரு, ஏஎல்எஸ்னு நரம்பத் தின்னுற நோய், தசையெல்லாம் ஒண்ணொண்ணா நின்னுபோயிடும், குணமாக்குற மருந்து கிடையாது. அதோட 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 மிதிச்சு, 42 ஓடி, முடிவுக் கோட்டுல தரையில படுத்து உருண்டு தாண்டுனாரு. 2007ல இறந்துட்டாரு. இன்னிக்கும் அவர நினைக்கிறவங்க கோட்டுக்கிட்ட வந்ததும் படுத்து ஒரு உருள் உருண்டுட்டு எந்திரிச்சுப் போறாங்க. பேனர் இல்ல, பேச்சு இல்ல, அந்த மனுசன் செஞ்சத அப்படியே செய்யறாங்க.

உங்க அண்ணன் என்ன செஞ்சாருன்னு உங்க கடிதத்துலயே இருக்கு, நீங்க அத போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க. கடைசி ஆளு கூட நீந்துனாரு. அப்ப கிளப்புல அத ஒரு முறையா வையுங்க, ஒவ்வொரு ஞாயிறும் ஒருத்தர், நல்லா நீந்துற ஆளா பாத்து, கடைசியில வர்றது அவரு வேலை. அண்ணன் பேரச் சொல்லியே அந்த வேலையக் கூப்புடுங்க. புதுசா வர்றவன் இது யாரு பேருன்னு கேப்பான்ல, அப்ப சொல்லுங்க.

ரைடும் போங்க, வேணாம்னு சொல்லல. தீவச் சுத்துற ரூட்டு இருக்கே, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், அப்புறம் ஏத்தம், பாலிக் பூலாவ் எறங்கி தெலுக் கும்பார் வழியா வீடு, சுமாரா 70 கிலோமீட்டர், அதுல போங்க. கூட்டமாப் போறதுனா போலீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கங்க. ஆனா திதி அன்னிக்கு வைக்காதீங்க. அன்னிக்கு வீட்டுல படையல் போடணும், ஐயர் வரணும், சொந்தக்காரங்க வருவாங்க, அந்த நேரத்துல நீங்க டைட்டு டிரவுசரோட வாசல்ல போய் நின்னா யாருக்கும் சங்கடம். முன்னால ஒரு ஞாயிறு பாத்துக்கங்க.

அண்ணி ஏன் பேசலன்னு கேக்குறீங்க. எங்க வீட்டுலயும் இந்தப் பைத்தியம் புடிச்ச ஆளு ஒருத்தர் இருக்காரு, அதனால எனக்குக் கொஞ்சம் தெரியும். நாலு மணிக்கு அலாரம் அடிச்சா எனக்குத்தான் முழிப்பு வரும், அவரு தூங்குவாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிடுவாரு, வெயில் ஏறுனதும் பசியாறிட்டு வந்து சேருவாரு. நடுவுல அவரு யாரு, என்ன பேசுனாரு, யாரப் பாத்துச் சிரிச்சாருன்னு எனக்குத் தெரியாது. உங்க அண்ணிக்கும் அப்படித்தான். அந்த அஞ்சு மணி நேர மனுசன் முழுசா உங்ககிட்டதான் இருக்காரு, அவங்ககிட்ட இல்ல. அதுலயும் இத்தன ஓட்டம் ஓடியும் மாரடைப்பு வந்துருச்சேன்னு மனசுக்குள்ள உங்க கிளப்பு மேலயே கோவம் இருக்கலாம். இருந்தா இருக்கட்டும், உடற்பயிற்சி நல்லதுதான் அண்ணின்னு வாதம் பண்ணப் போயிடாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, அண்ணனோட அம்மா இருந்தா அவங்களும் படிக்கட்டும். நல்ல மனுசன், தங்கமான குணம்னு எழுதாதீங்க, அத சாவு வீட்டுல எல்லாரும் சொல்லியாச்சு. தித்தி கெராவாங் ஏத்தத்துல உங்களுக்கு மூச்சு முட்டி நின்னப்ப என்ன சொன்னாரு, மேல போய் ஜாதிக்கா ஜூஸ் குடிச்சப்ப யாரு காசு குடுத்தா, ஜெல்லி மீன் கொட்டுனதுக்கு என்ன பேச்சு பேசுனாரு, பொண்ணு பரீட்சையப் பத்தி உங்ககிட்ட என்ன பெருமை அடிச்சாரு. அந்த மாதிரி. அந்தப் பொண்ணுகிட்ட அப்பா நேருல பெருமையா ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாரு, நம்ம ஆளுங்களத் தெரியாதா.

எழுதுனத வச்சுக்கிட்டு ரெண்டு பேரு போங்க, ஒருத்தர் பொம்பளையா இருக்கட்டும், சாயங்காலமா பாத்து சாதாரண உடுப்புல. முப்பது பேரு போகாதீங்க. இந்த வருசம் அவங்க வீட்டுல தீபாவளி கிடையாது, ஊரே முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கும்போது அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டாங்க, நீங்க அப்பயும் ஒரு தடவ போங்க. ஜெர்சி, படம், ரைடு எல்லாம் அவங்க வாயத் தொறந்ததுக்கு அப்புறம் பேசிக்கலாம்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரரும் டிரையத்லான் போவாரு, தவறிப்போய் ஆறு மாசம் ஆகுது. சைக்கிள் ஹால்லயே நிக்குது. அவர் கூடப் பழகுன ஒருத்தர் 2,000 வெள்ளிக்கு எடுத்துக்கிறேன்னு மூணு தடவ கேட்டுட்டாரு. இவரு வாங்குனப்ப 3,000 வெள்ளின்னு என்கிட்ட சொன்னாரு, அப்ப 2,000 நியாயம்தானே? (பட்டர்வொர்த் சகோதரி)

பதில்: அம்மா, உங்க துக்கத்துல சிரிக்கிறேன்னு நினைக்காதீங்க. உலகத்துல எந்தப் புருசனும் சைக்கிள் விலைய பொண்டாட்டிகிட்ட உண்மையா சொன்னதில்ல. கார்பன் பிரேமா இருந்தா, கைய முன்னால நீட்டிப் படுத்து ஓட்டுற மாதிரி ஹேண்டில்பார் இருந்தா, அது பெரும்பாலும் 3,000 வெள்ளிக்கு மேலதான் இருக்கும், சக்கரம் மட்டுமே அந்த விலைக்கு மேல போகலாம். மூணு தடவ கேட்டாருன்னு சொல்றீங்க பாருங்க, அதுலயே எனக்குச் சந்தேகம்.

அவசரமே இல்ல. ஒரு நாள் உக்காந்து போட்டோ எடுங்க: பிரேம் மேல எழுதியிருக்குற பேரு, சக்கரத்துல இருக்குற பேரு, சங்கிலி ஓடுற பக்கம், பெடல் கிட்ட ஏதாச்சும் மின்சாரச் சாமான் இருந்தா அதயும். பெடல் அச்சுக்குக் கீழ கவுத்துப் பாத்தா பிரேம் நம்பர் இருக்கும், அத எழுதி வையுங்க. அவரு இமெயில்ல ரசீது இருக்குதான்னு பிள்ளைங்கள விட்டுத் தேடச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு கடையில தனித்தனியா விலை கேளுங்க. கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க, அந்த சைக்கிள வாங்குற ஆசை இல்லாத ஆளா இருக்கணும், அதான் முக்கியம்.

விக்கத்தான் வேணுமான்னும் யோசிங்க. மகன் வளர்ந்துக்கிட்டு இருந்தா இன்னும் ரெண்டு வருசத்துல அளவு சரியா வரலாம். இடம் அடைக்குதுன்னா சுவத்துல மாட்டலாம், ஆனா டயர்ல காத்து இல்லாம தரையில நிக்க வைக்காதீங்க, ரப்பர் விரிசல் விட்டுடும்.

இன்னொண்ணு, அவரு கையில கட்டியிருந்த கடிகாரம். அதயும் சேத்து யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க. அவரு எந்த ரோட்டுல போனாரு, எங்க நின்னாரு, நெஞ்சு எவ்ளோ வேகமா அடிச்சுது எல்லாம் அதுலயும் போன்லயும் இருக்கும். பிள்ளைங்க பெரிசானதும் அப்பா ஓடுன ரூட்ட அப்படியே ஓடிப் பாக்கலாம். சைக்கிள விட இதுக்குத்தான் விலை கிடையாது, ஆனா அழிச்சிட்டா அழிச்சதுதான்.

கேள்வி: கோலாலம்பூர்லேருந்து எழுதறேன் அக்கா. எங்க நண்பன் ரேஸ்ல நீந்தும்போதே என் கண்ணு முன்னால போயிட்டான். அதுலேருந்து புத்ராஜெயா ஏரியில முகத்தக் கூட என்னால முக்க முடியல. எனக்கு 47 வயசு. விட்டுடலாமா? (செந்தூல் வாசகர்)

பதில்: விடறதும் தொடர்றதும் உங்க இஷ்டம், ரெண்டும் அவனுக்குத் துரோகம் இல்ல. ஆனா பயம் ஒண்ணும் கற்பனையும் இல்ல. அமெரிக்காவுல 1985லேருந்து 2016 வரைக்கும் டிரையத்லான்ல நடந்த திடீர் மரணம், இதயம் நின்னுபோய் பொழைச்சது, விபத்து எல்லாத்தயும் சேத்துப் பாத்தாங்க, மொத்தம் 135 பேரு, அதுல 90 பேருக்கு நடந்தது நீச்சல்ல. பெரும்பாலும் ஆம்பளைங்க, சராசரி வயசு 47 கிட்ட. அதே சமயம் கலந்துக்கிட்டவங்க கணக்குல பாத்தா ஒரு லட்சத்துக்கு ரெண்டு பேரு கூட இல்ல. ரெண்டயும் சேத்து மனசுல வையுங்க.

அதனால முதல்ல டாக்டர். நெஞ்ச செக் பண்ணுங்க, ஈசிஜி, டிரெட்மில்ல ஓட வச்சுப் பாக்குற டெஸ்ட், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இதயக் கோளாறு இருந்தா அதயும் மறைக்காம சொல்லுங்க. நம்ம ஜனத்துக்கு சக்கரையும் இதயமும் பரம்பரைச் சொத்து மாதிரி. அப்புறம் நீச்சல் குளம், அப்புறம்தான் ஏரி, அதுவும் தனியா போகவே போகாதீங்க, இடுப்புல கட்டுற மிதவையோட, பக்கத்துல ஒருத்தர வச்சுக்கிட்டு. ரேஸ்ல மூச்சு வாங்குனா காவலுக்கு நிக்குற சின்னப் படகு, காயாக்னு சொல்வாங்க, அதப் புடிச்சுக்கிட்டு நிக்கலாம், அது முன்னால நகராத வரைக்கும் உங்கள யாரும் நீக்க மாட்டாங்க. நிறையப் பேரு இது தெரியாமலே, நின்னா மானம் போயிடும்னு திணறிக்கிட்டு நீந்துறாங்க. நுரை மாதிரி சளி வந்தாலோ நெஞ்சு இறுக்குனாலோ கையத் தூக்கிடுங்க, அன்னிக்கு ரேஸ் முடிஞ்சுது.

ராத்திரியில தூக்கம் வரல, அந்தக் காட்சியே வருதுன்னா, மனக் கஷ்டத்தக் காது குடுத்துக் கேக்குற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. உங்க கண்ணு முன்னாலதானே நடந்தது, அத நீங்க யார்கிட்டயாச்சும் சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: தவறிப்போனவர வாட்ஸ்அப் குரூப்புலேருந்து எடுக்கறதா வேணாமா? எங்க குரூப்புல இதுக்கே சண்ட. (பாயான் பாரு)

பதில்: சண்ட போடுறத நிறுத்துங்க, நீங்க எடுக்காட்டியும் அது தானா போயிடும். 120 நாளு யாரும் தொறக்கலன்னா வாட்ஸ்அப் கணக்கு பொதுவா அழிஞ்சுடும். அந்த போன் நம்பரயும் கம்பெனிக்காரன் பின்னால வேற யாருக்காச்சும் குடுத்துடுவான். அதுக்குள்ள அவரு உங்களுக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தயும் தனியா எடுத்து வச்சுக்கங்க, நாளைக்கு எத்தன மணிக்கு, டியூப் கொண்டாங்கடான்னு திட்டுறதா இருந்தாலும் சரி. நீங்க போன் மாத்துனா உங்ககிட்ட இருக்குறதும் போயிடலாம், அதனால ஒருத்தர் பொறுப்பெடுத்து எல்லார்கிட்டயும் வாங்கி ஒரு பென்டிரைவ்ல போட்டு வீட்டுல குடுத்துடுங்க.