டீசல் வண்டில பெட்ரோல் ஊத்திட்டீங்களா? சாவிய திருப்பாதீங்க, முதல்ல கேளுங்க

18 வருஷமா வண்டிக்குள்ள இருக்குற டீசல் பம்ப், எஞ்சினுக்குள்ள டீசல பீய்ச்சுற இஞ்செக்டர், இந்த வேலைதான் பார்க்குறேன். சங்ககிரி பக்கம் லாரி பம்புல ஆரம்பிச்சது, இப்ப வர்றதுல முக்கால்வாசி கார்தான். பெட்ரோல் மாத்தி அடிச்ச வண்டி மாசத்துக்கு ஒண்ணாவது என் ஷெட்டுக்கு வந்துருது, அதுல பாதி சுலபமா தப்பிச்சிருக்க வேண்டிய வண்டி. அதனாலதான் இன்னைக்கு உக்காந்து பதில் சொல்றேன், யார் வேணாலும் கேளுங்க.

கேள்வி: அண்ணா, அவசரம். பங்க்லதான் நிக்கிறேன். 2014 ஸ்விஃப்ட் டீசல், 1000 ரூபாய்க்கு பெட்ரோல் அடிச்சுட்டாங்க. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. வீடு 3 கிலோமீட்டர்தான், மெதுவா ஓட்டிட்டுப் போயிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, 3 அடி கூட வேண்டாம். ஸ்டார்ட் பண்ணலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம், உங்க பணம் இன்னும் உங்க பாக்கெட்லதான் இருக்கு. சாவிய ஆன் வரைக்கும் கூட கொண்டு போகாதீங்க, ஏன்னா நிறைய வண்டில ஆன் போட்டதுமே டேங்க்குள்ள இருக்குற மோட்டார் ஓடி டேங்க்ல என்ன இருக்கோ அத லைனுக்கு ஏத்திரும், எஞ்சின் சுத்தணும்னே அவசியம் இல்ல. சாவிய ஆனுக்கு முந்தின ஏசிசி வரைக்கும் மட்டும் திருப்புங்க, அதுலயே ஸ்டீயரிங் லாக் விட்டுரும், நியூட்ரல்ல போட்டு நாலு பேர வச்சு ஓரமா தள்ளுங்க. எஞ்சின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பழக்கமில்லாதவங்கள உள்ள உக்கார வைக்காதீங்க. அப்புறம் டோயிங் வண்டிக்கு சொல்லுங்க. இன்னொண்ணு, பில்லு வாங்காம நகராதீங்க, அதுல பெட்ரோல்னு எழுதியிருக்கணும்.

கேள்வி: பெட்ரோலும் எரியுற சாமான்தானே, அதுக்கு எதுக்கு இவ்ளோ பயம்?

பதில்: நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஒரு சொட்டு டீசல ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு தேய்ச்சுப் பாருங்க, வழுவழுன்னு எண்ணெய் மாதிரி இருக்கும், கை கழுவினாலும் சீக்கிரம் போகாது. அதே பெட்ரோல தேய்ச்சீங்கன்னா ஜில்லுன்னு இருக்கும், அஞ்சு செகண்ட்ல காஞ்சு தோலு வறண்டு போயிரும். பம்புக்குள்ள நடக்குறதும் இதேதான்.

இப்ப இருக்குற டீசல் கார் எல்லாமே காமன் ரெயில், அதாவது பம்ப் அழுத்துற டீசல் ரெயில்னு ஒரே பொதுக் குழாய்ல நின்னு, அங்கிருந்து எல்லா இஞ்செக்டருக்கும் போகும். ஹை பிரஷர் பம்ப் 1400, 1600 பார் வரைக்கும் அழுத்தும், புது வண்டில 2000 பார் வரைக்கும் போகும், உங்க டயர்ல இருக்குற காத்து வெறும் 2 பார் சொச்சம்தான், கணக்கு போட்டுக்கோங்க. அந்த அழுத்தத்துல இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல நிக்கிறது டீசலோட அந்த வழுவழுப்பு மட்டும்தான், பெரும்பாலான கார் பம்புக்கு தனியா ஆயில் கிடையாது. பெட்ரோல் வந்தா அந்தப் படலத்த கழுவிட்டுப் போயிரும். பம்ப் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும், அந்த இரும்புத் தூள் ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து நாலு இஞ்செக்டருக்கும் போகும், மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியா திரும்ப டேங்குக்கே வரும்.

எரியுறதுலயும் வித்தியாசம் இருக்கு. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்த அமுக்குற சூட்டுலயே தானா பத்திக்கணும், அதுக்கு டீசல் தயாரா இருக்கணும்னுதான் இப்ப இருக்குற பிஎஸ்6 புகை விதி டீசலுக்கு சீட்டேன், அதாவது எவ்ளோ சுலபமா தானா பத்திக்கும்னு காட்டுற எண், 51க்கு குறையக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. பெட்ரோல் அதுக்கு நேர் எதிர், சட்டுனு தானா பத்திக்கக் கூடாதுன்னே செஞ்சது. அதான் வண்டி கடகடன்னு அடிக்குது, இழுக்க மாட்டேங்குது, கடைசில நின்னுருது.

கேள்வி: நான் லேட்டா பார்த்துட்டேன் அண்ணா. 15 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், வெள்ளைப் புகை வந்து ரோட்லயே நின்னுருச்சு. எல்லாம் போச்சா?

பதில்: போச்சுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. முதல்ல திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கிறத நிறுத்துங்க. ஷெட்ல கொண்டு போனதும் மெக்கானிக்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க, டேங்க் இறக்குறதுக்கு முன்னாடி டீசல் ஃபில்டர கழட்டி, உள்ள இருக்குறத ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தி வெயில்ல காட்டச் சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க.

போன வருஷம் ஒரு கால் டாக்ஸி வந்துச்சு. ஓட்டுற தம்பி ஓனருக்கு பயந்து யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் அதுலயே ஓட்டியிருக்கான், மேல மேல டீசல் அடிச்சா சரியாயிரும்னு நெனச்சிருக்கான். நான் ஃபில்டர ஊத்தும்போது தட்டுல ஜிகினா தூவின மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு, தட்ட சாய்ச்சா அந்த மினுமினுப்பும் கூடவே ஓடுது. அதெல்லாம் பம்போட இரும்பு. பம்ப், ரெயில், நாலு இஞ்செக்டர், பைப்பு எல்லாம் மாத்தி, டேங்க இறக்கி கழுவ வேண்டியதாப் போச்சு. ஒரு இஞ்செக்டரே அஞ்சு இலக்க விலை, மொத்தமா ஓனர் ஒரு லட்சத்துக்கு மேல கொடுத்தாரு. முதல் நாளே சொல்லியிருந்தா சில ஆயிரத்துல முடிஞ்சிருக்கும். அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு மறக்கல. வண்டி வச்சிருக்குற முதலாளிங்களுக்கு ஒரு வார்த்தை, தப்பு பண்ணிட்டேன்னு ஓடி வந்து சொல்ற டிரைவர தயவுசெஞ்சு திட்டாதீங்க.

உங்க தட்டுல மினுமினுப்பு இல்லன்னா நிம்மதியா இருங்க. டேங்க் காலி பண்ணி, லைன் கழுவி, புது ஃபில்டர் போட்டு, புது டீசல் ஊத்தி, லைன்ல நிக்கிற காத்த வெளிய எடுத்தா பெரும்பாலும் எழுந்துரும்.

கேள்வி: நான் பழைய டாடா 1210 லாரி ஓட்டுனவன். ஒண்ணு ரெண்டு லிட்டர் பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்தே ஓட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகல. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க.

பதில்: ஐயா, நீங்க சொல்றது உண்மைதான், நானும் அந்த வண்டி பம்புலதான் தொழில் கத்துக்கிட்டேன். அது இன்லைன்னு சொல்ற பழைய டைப் பம்ப், கீழ சுத்துற கேம் ஷாஃப்ட் எல்லாம் எஞ்சின் ஆயில்ல ஓடும், இஞ்செக்டர் திறக்குறதே சில நூறு பார்லதான். அது தாங்கும். அதே நம்பிக்கையில இப்ப பேரன் வச்சிருக்குற காமன் ரெயில் வண்டிக்கு செஞ்சுறாதீங்க ஐயா, அது தாங்காது.

கேள்வி: 2 லிட்டர் போனதும் கத்தி நிறுத்திட்டேன். 45 லிட்டர் டேங்க். மீதிய டீசல் ஃபுல் பண்ணிட்டா சமாளிச்சுரலாம்னு ஒருத்தர் சொல்றாரு?

பதில்: கணக்குக்கு 4 சதவீதம் சொச்சம்தான் வருது, நிறைய பேர் அப்படி ஓட்டிட்டு ஒண்ணும் ஆகலன்னும் சொல்வாங்க. என் வண்டியா இருந்தா நான் இறக்கிருவேன். இப்ப நம்ம பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அது தண்ணிய இழுக்குற சாமான், டீசல் பம்புக்கு தண்ணி ஆகவே ஆகாது. டேங்க் இறக்குற கூலிக்கும் பம்ப் விலைக்கும் எவ்ளோ தூரம்னு பாருங்க, அப்புறம் முடிவு உங்களுது.

கேள்வி: உல்டாவா, பெட்ரோல் வண்டில டீசல் போட்டா?

பதில்: அவ்ளோ மோசம் இல்ல. புகையும், பிளக் எல்லாம் கரி பிடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. அப்பவும் ஓட்டாதீங்க, சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெட்டுரும். டேங்க் கழுவி பிளக் பார்த்தா பெரும்பாலும் சரியாயிரும்.

கேள்வி: அண்ணே, ஆட்ப்ளூவ டீசல் டேங்க்ல ஊத்திட்டாரு எங்க அப்பா. அது வெறும் தண்ணி மாதிரிதானே?

பதில்: ஐயோ, இது பெட்ரோல விட மோசம்மா. ஆட்ப்ளூ புகைய சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்துறது, அது 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணி. டீசலோட கலக்காது, அடியில போய் உக்காரும், மோட்டார் முதல்ல உறிஞ்சுறதே அதத்தான். காஞ்சா வெள்ளை உப்பு மாதிரி கட்டி பிடிச்சுக்கும், அதோட இரும்ப அரிக்கும். சாவியவே தொட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க, வண்டிய தூக்கிட்டுத்தான் போகணும்.

கேள்வி: சார், இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? பங்க்காரங்க தப்புன்னா அவங்க தர மாட்டாங்களா?

பதில்: சாதாரண பாலிசில மெக்கானிக்கல் கோளாறு வராது சார். ரோட் சைட் அசிஸ்டன்ஸ் போட்டிருந்தா சிலதுல டோயிங், டேங்க் காலி பண்றது வரைக்கும் வரும், பாலிசி பேப்பர எடுத்துப் படிச்சுப் பாருங்க. எஞ்சின் புரொடெக்ட்னு கூடுதல் கவர் இருக்கேன்னு நம்பி இருக்காதீங்க, அது பெரும்பாலும் தண்ணி புகுந்ததுக்கும் ஆயில் கசிஞ்சதுக்கும்தான்.

பங்க் விஷயத்துல, நீங்க டீசல்னு சொல்லியும் மாத்தி அடிச்சிருந்தா கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. பில், நாசில் வண்டில இருக்கும்போதே எடுத்த போட்டோ, சிசிடிவி பதிவ அழிக்காம வைக்கச் சொல்லி எழுத்துல ஒரு கடிதம், பங்க்ல இருக்குற புகார் புத்தகத்துல ஒரு என்ட்ரி, இதெல்லாம் அன்னைக்கே பண்ணணும். ஒத்து வரலன்னா 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள போகணும்.

கேள்வி: இறக்குன கலவைய பைக்ல ஊத்திக்கலாமா? 20 லிட்டர் இருக்கு, வீணாப் போகுது.

பதில்: ஊத்தாதீங்க, பைக்கும் கெட்டுரும். டீசல் கிட்ட தீக்குச்சி கொண்டு போனாலும் லேசுல பத்தாது, அந்தப் பழக்கத்துல இதத் தொடாதீங்க, பெட்ரோல் கலந்ததும் அது பெட்ரோல் மாதிரியே குப்புன்னு பிடிக்கும். வீட்டுக்குள்ள வைக்காதீங்க, சாக்கடையில ஊத்தாதீங்க, வாய் வச்சு ட்யூப்ல உறிஞ்சவே உறிஞ்சாதீங்க, நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. ஷெட்லயே விட்டுருங்க, கழிவு எண்ணெய் எடுக்குறவங்ககிட்ட கொடுத்துருவாங்க.

கேள்வி: அண்ணா, முதல்ல கேட்ட ஸ்விஃப்ட் நான்தான். டோ பண்ணி கொண்டு வந்து இறக்கிட்டாங்க, டேங்க் கழுவியாச்சு, ஃபில்டர் சுத்தமா இருந்துச்சு, இப்ப ஸ்டார்ட் ஆகி நல்லா ஓடுது. இனி என்ன பார்க்கணும்?

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரு பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க, பம்ப் பக்கம் புதுசா ஏதாவது சத்தம் வருதான்னு காது கொடுங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் ஃபில்டர இன்னொரு தடவை கழட்டி அதே வெள்ளைத் தட்டுல ஊத்திப் பாருங்க. டேங்க் மூடிக்கு உள்பக்கம் பெருசா டீசல்னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க, பெட்ரோல் நாசில் ஒல்லியா இருக்கும், உங்க வண்டி ஓட்டைக்குள்ள தாராளமா போயிரும், வண்டி தானா தடுக்காது. அடுத்த தடவை இறங்கி நின்னு வாய் திறந்து டீசல்னு சொல்லிட்டு, மெஷின்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சதுக்கு அப்புறம் அடிக்கச் சொல்லுங்க.