போட்டுப் பார்ப்பது வேறு, போட்டுக்கொண்டு போவது வேறு

வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அவற்றில் ஆறை எடுத்துக்கொண்டு, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரு விருந்துக்காக விலை உயர்ந்த ஆடை ஒன்று வாங்கினேன். டேக்கை உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தி, ஒரு மாலை மட்டும் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கறை இல்லை, கிழிசல் இல்லை. கடையும் மறுபேச்சு இல்லாமல் பணத்தைக் கொடுத்தது. என் தோழி இதைத் திருட்டு என்கிறாள். கடையின் விதிப்படிதானே நடந்தேன்?

திருட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன், ஆனால் உங்கள் தோழிக்கு உறுத்தியது சரியான இடம்தான். கவுண்டரில் "என்ன காரணம்?" என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. "அளவு சரியில்லை" என்றோ "வீட்டில் பிடிக்கவில்லை" என்றோ சொல்லியிருப்பீர்கள், ஏனென்றால் "ஒரு மாலைக்குத் தேவைப்பட்டது, தேவை முடிந்தது" என்று யாரும் சொல்வதில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், விதி உங்கள் பக்கம் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஊக்கு குத்தி டேக்கை மறைத்தபோதே அது முடிவாகிவிட்டது.

திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் அவகாசம் தருவது எதற்காக? வாங்குகிறவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும். வீட்டு வெளிச்சத்தில் நிறம் எப்படித் தெரியுமோ, உட்கார்ந்தால் இறுக்குமோ, கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அந்த நாட்கள். உங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, வாங்கும்போதே திருப்பிக் கொடுக்கும் தேதி மனதில் இருந்தது. வியாபார வட்டாரத்தில் இதற்கு 'வார்ட்ரோபிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பிவிட முடிவு செய்யும் உரிமை சட்டப்படி உண்டு. 2011-ல் கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிமுறை அது. வாங்குபவருக்கு இவ்வளவு சாதகமான அந்தச் சட்டமே, கடையில் என்ன செய்து பார்ப்பீர்களோ அதைத்தான் வீட்டிலும் செய்யலாம் என்கிறது. ஆடை என்றால் போட்டுப் பார்க்கலாம், அணிந்துகொண்டு போகக் கூடாது என்று உதாரணமே கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் பயன்படுத்தி மதிப்புக் குறைந்தால், அந்தக் குறைவு வாங்கியவர் தலையில். எனக்கு இந்தக் கோடு மிகவும் நியாயமாகப் படுகிறது.

அடுத்து வாங்கப்போகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முழு விலை கொடுத்து ஒரு கோட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாக்கெட்டில் கையை விட்டால், நான்காக மடித்த டிஷ்யூ தாள், அதில் உதட்டுச்சாயம். கூடவே இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி போட்ட பார்க்கிங் சீட்டு. காலரைத் திருப்பிப் பார்த்தேன், முகப் பூச்சு மெல்லிய கோடாகப் படிந்திருந்தது. யாரோ ஒருவருடைய ஒரு நாள் முழுக்க அந்தக் கோட்டுக்குள் இருந்தது, நான் புதிது என்று நினைத்துக் கொடுத்த பணம் அதற்குத்தான். மறுநாள் எடுத்துக்கொண்டு போனபோது கவுண்டரில் இருந்த பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அந்தப் பெண்ணே இல்லை. உங்கள் ஆடையில் கறை இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் அதை அடுத்து வாங்கியவர் புதிது என்று நினைத்து வாங்கியிருப்பார், அந்த ஏமாற்றத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு.

கேள்வி: அலமாரி மாட்டச் சுவரில் நாலு ஓட்டை போட வேண்டியிருந்தது. ட்ரில்லிங் மெஷின் வாங்கி, வேலையை முடித்து, துடைத்து, பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது துணி இல்லையே, நாலு ஓட்டையில் மெஷின் தேய்ந்தா போகும்? தவிர அது பெரிய நிறுவனம், அவர்களுக்கு இது தூசு.

தேய்மானத்தை விடுங்கள். அந்த மெஷினை நீங்கள் திருப்பிக் கொடுக்காமல் மறுநாளே தெரிந்தவருக்கு விற்றிருந்தால் முழு விலை கிடைத்திருக்குமா? பெட்டியைப் பிரித்த நிமிடமே அது பழைய பொருள், கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள். அந்தக் குறைகிற தொகைதான் நாலு ஓட்டைக்கான கூலி. நீங்கள் அதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கடை அதை 'ஓபன் பாக்ஸ்' என்று தள்ளுபடியில் விற்றால் கடை கொடுத்தது, புதிது என்று விற்றால் அடுத்தவர் கொடுத்தார்.

பெரிய நிறுவனம் என்ற வாதம் எனக்கு அடிக்கடி வருகிறது. அதற்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1912-ல் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக ஒரு பூட்ஸ் செய்து விற்றார். அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தன. மனிதர் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பூட்ஸைச் சரிசெய்து மறுபடி விற்றார். எல்.எல்.பீன் நிறுவனம் வளர்ந்ததே அந்த வாக்கின் மேல்தான். எப்போது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், காலக்கெடு கிடையாது. அந்த வாக்கு 100 ஆண்டுக்கு மேல் நின்றது. அப்புறம் வருடக்கணக்கில் போட்டுத் தேய்த்ததை எல்லாம் கொண்டுவர ஆரம்பித்தார்கள், பழைய சாமான் விற்பனையில் யாரிடமோ வாங்கியதைக்கூடக் கொண்டுவந்தார்கள். 2018 பிப்ரவரியில், நிறுவியவரின் கொள்ளுப்பேரன் தலைமையில் இருந்தபோது, இனி ஒரு வருடம்தான், வாங்கியதற்கு ஆதாரமும் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மலையேற்றச் சாமான் விற்கும் ஆர்.இ.ஐ. 2013-லேயே அப்படி மாற்றிவிட்டது. நிறுவனம் மூழ்கிவிடவில்லை, அது தாங்கும். ஒழுங்காக வாங்கிப் போனவர்களுக்கு இருந்த ஒரு நல்ல ஏற்பாடு போனது, அதுதான் எனக்கு வருத்தம்.

நாலு ஓட்டைக்கு மெஷின் வாங்கவே தேவையில்லை. வாடகைக்குத் தருகிறார்கள், பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரு மெஷின் போதும் என்று யாரோ அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரே செருப்பை மூன்று அளவில் வரவழைத்து, பொருந்துவதை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுகிறேன். இதுவும் தப்பா?

தப்பில்லை. உங்கள் சந்தேகம் நிஜமானது, ஒன்றை வைத்துக்கொள்ளவும் போகிறீர்கள். வீட்டுக்குள் நடந்து பாருங்கள், தெருவில் இறங்காதீர்கள். ஆனால் திரும்பிப் போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வண்டி ஓடுகிறது, ஒருவர் பிரித்துப் பார்க்கிறார், சில சமயம் அந்தப் பொருள் மறுபடி விற்பனைக்கே வராமல் போகிறது. காலை ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் மூன்று இரண்டாகும்.

கேள்வி: மெத்தை விற்கும் நிறுவனம் ஒன்று, 100 இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்கிறது. 80 இரவு படுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள். அவர்களே படுத்துப் பார்க்கச் சொன்னார்கள், அந்தச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள். முதுகு வலிக்கிறதென்றால் திருப்பிக் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் மூன்று மாதம் தங்கப்போகிறார், அதுவரைக்கும் ஒரு மெத்தை வேண்டும் என்று வாங்கியிருந்தால் அது முதல் கடிதத்தின் கதை.

கேள்வி: எனக்கு ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. போட்டுக்கொள்ள நல்ல உடை இல்லை, கையில் பணமும் இல்லை. கடன் வாங்கி ஒரு கோட்டும் கால்சட்டையும் வாங்கி, நேர்காணல் முடிந்ததும் அன்று மாலையே திருப்பிக் கொடுத்து, கடனை அடைத்தேன். வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதமாகிறது. அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். விருந்துக்காகச் செய்தவரையும் உங்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, வைக்கவும் கூடாது. ஆடம்பரத்துக்குச் செய்வதும் வேறு வழி தெரியாமல் செய்வதும் ஒன்றாகாது. உடை சரியில்லாததால் ஒரு வேலை கைவிட்டுப் போவது நியாயமே இல்லை, அந்த அநியாயத்தை உண்டாக்கியவர் நீங்களும் இல்லை.

ஆனாலும் நீங்கள் செய்தது சரி என்று எழுதினால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்க மாட்டேன். நீங்கள் எழுதியதும் அதைக் கேட்க இல்லை என்றே நினைக்கிறேன். நடந்தது இதுதான்: கேட்காமல் இரவல் வாங்கினீர்கள். இரவல் வாங்கியது அவமானம் இல்லை, கேட்காமல் வாங்கியதுதான் தலையைக் குனிய வைக்கிறது. அது சரிசெய்யக்கூடிய விஷயம். இப்போது சம்பளம் வருகிறது. வேலைக்குப் போட எப்படியும் உடை தேவைப்படும், அந்தக் கடையிலேயே போய் வாங்குங்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனம் வந்தால் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டினாலும் ஒரு நிமிடம்தான் திட்டுவார்.

இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலில் கேட்டுப் பாருங்கள். நண்பர், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், யாராவது ஒருவரிடம் உங்கள் அளவில் ஒரு கோட் தொங்கிக்கொண்டிருக்கும். நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு டை, கைப்பை வரை இரவல் தரும் பொது நூலகங்கள்கூட உலகில் உண்டு. "என்னிடம் இல்லை" என்று சொல்லத் தயங்குகிறோம் பாருங்கள், அந்தத் தயக்கம்தான் நம்மை இந்த மாதிரி வழிகளில் தள்ளுகிறது.

கேள்வி: நான் ஒரு துணிக்கடையில் ரிட்டர்ன் கவுண்டரில் வேலை செய்கிறேன். போட்டுவிட்டுக் கொண்டுவந்ததைக் கையில் வாங்கினாலே தெரிந்துவிடும். அக்குள் பக்கம் வெள்ளைத் தடம், சென்ட் வாசனை, டேக் நூலில் புதிதாகப் போட்ட முடிச்சு. முகத்தைப் பார்த்து "போடவே இல்லை" என்கிறார்கள். "எதுவும் பேசாதே, வாங்கிக்கொள்" என்பது மேலாளர் உத்தரவு. ஒரு நாளைக்கு எத்தனை பொய்யைத்தான் கேட்டுச் சிரிப்பது?

இந்த வாரம் வந்ததிலேயே என்னை உலுக்கிய கடிதம் உங்களுடையது. பெரிய நிறுவனம் பெரிய நிறுவனம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் பொய் சொல்வது நிறுவனத்திடம் இல்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்கும் உங்களிடம் சொல்கிறார்கள்.

கவுண்டரில் நின்று சண்டை போடச் சொல்ல மாட்டேன். யார் சந்தேகத்தில் போட்டுப் பார்த்தார், யார் விருந்துக்குப் போய்வந்தார் என்று உங்களால் எப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் தையல் விட்டுப்போன சட்டையை நியாயமாகத் திருப்பக் கொண்டுவருகிறவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார், அவரையும் குற்றவாளி மாதிரி நடத்திவிடக் கூடாது. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நம்பியதாக நடிக்க வேண்டியதில்லை, சிரிக்கவும் வேண்டியதில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு பில்லைப் போடுங்கள், போதும்.

உங்கள் கையில் இருப்பது அதற்கு அடுத்த படி. அந்தத் துணி மறுபடி புதிது என்று ஸ்டாண்டில் தொங்கப்போகிறதா, இல்லையா? வாசனையும் தடமும் உள்ளதைத் தனிப் பெட்டியில் போடுங்கள், சீட்டில் "பயன்படுத்தியது" என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஸ்டாண்டிலேயே போடு என்று மேலாளர் சொன்னால், இன்ன தேதியில் இத்தனை உருப்படி இந்த நிலையில் வந்தன என்று அவருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கியவர் கோபத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது மன்னிப்புக் கேட்கும் வேலை மேலாளருடையதாக இருக்கட்டும்.