அக்னிவீர் பயிற்சிக்கு நீ-கேப் வாங்கிக் கொடுக்கலாமா? ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகன் அக்னிவீர் (ராணுவத்தில் நான்கு வருடச் சேவை) எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், இன்னும் இரண்டு மாதத்தில் ராலி என்கிற ஆள்சேர்ப்பு முகாம், ஆனால் கிரவுண்டில் ஓடிவிட்டு வந்தால் முட்டி வலிக்கிறது என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முட்டியில் மாட்டும் உறையான நீ-கேப் நல்லதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தால் ராலியைத் தாண்டி, வெலிங்டன் ராணுவ மையத்தில் பயிற்சியையும் முடித்துவிடுவானா என்பது உங்கள் கேள்வி. நீ-கேப்பை நம்பி அவனை அனுப்பாதீர்கள். அந்த வலி எதனால் வருகிறது என்று இப்போதே கண்டுபிடியுங்கள். அதற்கு உங்களிடம் நேரம் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் அல்லது நியோப்ரீன் உறை முட்டியைச் சூடாக வைக்கும், லேசாக அழுத்திப் பிடிக்கும். கால் உறுதியாக இருக்கிறது என்ற உணர்வு வரும், வலியும் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் தொடைத் தசைக்கு அது பலம் சேர்க்காது. ஓடும்போது எலும்பில் இறங்கும் பாரத்தையும் குறைக்காது. முட்டிச் சில்லுக்குக் கீழே கட்டும் மெல்லிய பட்டை வேறு வகை, பக்கவாட்டில் கம்பி வைத்த பிரேஸ் வேறு வகை. கம்பி பிரேஸ் பெரும்பாலும் தசைநார் காயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுப்பது. அப்படி ஒன்று தேவைப்படுகிற முட்டியோடு ராணுவப் பயிற்சிக்குப் போவதை நினைக்கவே கூடாது.

இதை வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த ராணுவ வீரர்களை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேல் காலாட்படையில், முட்டியின் முன்பக்கம் வலி வந்தவர்களுக்கு உறை போட்டும் போடாமலும் பார்த்தார்கள். உறை போட்டதால் தனிப் பலன் கிடைக்கவில்லை, சிலருக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். பெல்ஜியத்தில் 2004-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி வந்தது. ஆறு வாரப் பயிற்சியில், சில்லைத் தாங்கும் தனி வகை பிரேஸை முதல் நாளிலிருந்தே போட்டவர்களில் 18.5 சதவீதம் பேருக்கு முட்டி வலி வந்தது, போடாதவர்களில் 37 சதவீதம் பேருக்கு. ஆகவே பிரேஸால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது வலி இல்லாத கால்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், வலி வராமல் தடுக்கப் போட்ட கருவி. ஏற்கெனவே வலிக்கிற காலுக்கு மேல் மாட்டிக்கொண்டு ஓடுவது வேறு விஷயம்.

எனக்குப் பெரிதாகப் படுவது பிரிட்டிஷ் ராணுவத்தில் நடந்த ஆய்வு. 2011-ல் வெளியானது. 1,502 புதிய வீரர்கள், 14 வாரப் பயிற்சி. பாதிப் பேருக்கு வழக்கமான வார்ம்-அப். மீதிப் பேருக்கு இடுப்பு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் நான்கு பயிற்சிகளும், தசையை நீட்டும் நான்கு பயிற்சிகளும். வழக்கப்படி செய்தவர்களில் 36 பேருக்கு முட்டி முன்பக்க வலி வந்தது. இந்தப் பயிற்சிகளைச் செய்தவர்களில் 10 பேருக்குத்தான். காசு செலவில்லை, கருவி எதுவும் வேண்டாம்.

அந்தப் பயிற்சிகளை உங்கள் மகன் வீட்டிலேயே செய்யலாம். சுவரை ஒட்டி ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடக்கிப் பக்கவாட்டில் சுவரை அழுத்துவது. ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து இறங்கி எழுவது. படிக்கட்டின் ஒரு படியில் நின்று, ஒற்றைக் காலில் பாரம் தாங்கி மெதுவாகக் கீழே இறங்குவது. ஒற்றைக் காலில் பாதி அளவுக்கு உட்கார்ந்து எழுவது. அப்புறம் தொடை முன்பக்கம், பின்பக்கம், வெளிப்பக்கம், கெண்டைக்கால் ஆகியவற்றை நீட்டிவிடுவது. செய்யும்போது முட்டி உள்பக்கமாகச் சாயக்கூடாது. கண்ணாடி முன் நின்று செய்தால் அவனுக்கே தெரியும். முட்டி வலிக்குக் காரணம் பல நேரம் முட்டியிலேயே இருக்காது, இடுப்புத் தசை சோர்ந்து தொடை உள்ளே திரும்புவதில் இருக்கும். வலி இருக்கிற இந்த நேரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொடங்கட்டும்.

அவன் எப்படி ஓடுகிறான் என்றும் விசாரியுங்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் ஓட்டத்துக்கு 60 மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும், அதனால் பையன்கள் தினமும் முழு வேகத்தில் அதே தூரத்தை ஓடிப் பார்க்கிறார்கள். தார் ரோட்டில், தேய்ந்துபோன ஷூவில். ஓட்டம் முடிந்ததும் தவளைத் தாவல், வாத்து நடை என்று முட்டியை முழுசாக மடக்கிச் செய்யும் பயிற்சிகள் வேறு. பதினேழரை, பதினெட்டு வயதில் சில பையன்களுக்கு எலும்பு இன்னும் முழுசாக முதிர்ந்திருக்காது. முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரு புடைப்பு தெரிந்து, தொட்டால் வலித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். முழு வேக ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாளில் மண் தரையில் மெதுவாக ஓடட்டும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். முட்டி வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பாரம் தாங்காமல் எலும்பில் விழும் மெல்லிய கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம். படம் சரியாக இருக்கிறது என்றதும் மறுநாளே ஓடக்கூடாது. ராலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வலியை மறைத்து ஓடினால் இரண்டு வாரத்தில் ஆறவேண்டிய காயம் ஆறு மாதம் இழுக்கும்.

ராலியில் ஓட்டம் முடிந்ததும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அங்கே நீ-கேப்போடு நிற்க முடியாது. நேராக நிற்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று இடிப்பது, தட்டைப் பாதம், மூட்டு அசைவு எல்லாவற்றையும் ராணுவ டாக்டர் பார்ப்பார். பழைய அறுவை சிகிச்சை, தசைநார் கிழிசல் எதையும் மறைக்கச் சொல்லாதீர்கள். தகுதி இல்லை என்று எழுதிவிட்டாலும் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு வழி உண்டு. கொடுத்த கெடுவை மட்டும் தவறவிடக்கூடாது.

சரி, சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே விடியற்காலையில் பி.டி., அப்புறம் டிரில். டிரிலில் குதிகாலைத் தரையில் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் முட்டிக்குப் போகும். பூட்ஸில் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுவது, கயிறு ஏறுவது, போகப் போக ஆயுதத்தோடும் சுமையோடும் 5 கிலோமீட்டர். வெலிங்டன் நீலகிரியில் இருக்கிற மேடு பள்ளமான ஊர், இறக்கத்தில் ஓடினால் முட்டிக்கு வேலை அதிகம். நாள் முழுக்க உறையோடு இருந்தால் வியர்வையில் தோல் புண்ணாகும், மண்ணில் தவழும்போது மணல் உள்ளே புகுந்து உராயும், இறுக்கமாகப் போட்டால் கால் வீங்கும். அதைவிட முக்கியம், அங்கே என்ன அணியலாம் என்பது அவன் முடிவு இல்லை. மெடிக்கல் ஆபீசர் எழுதிக் கொடுத்தால் போடலாம். பெட்டியில் மறைத்து எடுத்துப்போய் சீருடைக்கு உள்ளே மாட்டிக்கொள்வது தவறு.

வலி வந்தால் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதிடம் சொல்லி, உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் போட்டு, டாக்டர் பார்க்கும் எம்.ஐ. ரூமுக்குப் போக வேண்டும். பையன்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். நாள் கணக்கில் பயிற்சி தவறினால் அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே சொன்னவனுக்குச் சில நாள் ஓய்வோடு முடிந்துவிடலாம். மறைத்தவன்தான் நொண்டி நொண்டி வந்து, மாதக் கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். நான்கு வருடச் சேவை முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், அதற்கு உடல் தகுதியும் பார்க்கப்படும். முதல் வருடத்திலேயே முட்டியைக் கெடுத்துக்கொள்ள அவனால் முடியாது. ஆகவே போனில் பேசும்போது "பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்பா" என்று சொல்லாதீர்கள். "வலி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேளுங்கள். அம்மா அப்படிக் கேட்டால் அவன் மறைக்க மாட்டான்.

ஒருவேளை டாக்டர் இந்த ராலி வேண்டாம், ஓய்வெடு என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 18 வயதுப் பையனுக்கு அடுத்த வருடமும் வாய்ப்பு இருக்கிறது. காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், மத்திய ஆயுதப் படைகளுக்கு 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில். எந்தக் கதவைத் தட்டினாலும் ஓட்டம் இருக்கிறது, ஆகவே முட்டியைச் சரிசெய்யச் செலவாகும் மாதங்கள் வீண் இல்லை. இந்த வாரமே ஆர்த்தோ டாக்டரைப் பாருங்கள். அவர் சொன்னதையும், வலி எந்த இடத்தில், எப்போது வருகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து இந்த ராலியா, அடுத்ததா என்று நாம் மூவரும் பேசி முடிவெடுப்போம்.