வீட்டுப் பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள்

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம், மகளை அடுத்து என்ன படிக்கவைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்தது. அப்பா நாலு விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா, மகள், கூட ஒரு மஞ்சள் பை. பைக்குள் மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட், நீட் மார்க் கார்டு, இரண்டுக்கும் அடியில் வீட்டுப் பத்திரம். மார்க் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பத்திரத்தைத்தான் பார்த்தேன். ஜூன், ஜூலை மாதங்களில் என் மேஜைக்கு வருகிற பத்திரங்களை எண்ணினால் ஒரு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் நடத்தலாம்.

நீட்டில் 720க்கு 341. படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் கிடையாது. மகளை டாக்டருக்குப் படிக்கவைப்பதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக அம்மா சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு ஏஜெண்டைத் தெரியுமாம். ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ், சாப்பாடு ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 32 லட்சம். வேண்டாம், இன்னொரு வருஷம் நாமக்கல்லில் லாங் டேர்ம் கோச்சிங் போடு என்கிறார் தாய்மாமன். மகள் மட்டும் நர்சிங் என்கிறாள். இது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

“பயப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்: “அய்யா, தறி எத்தனை வருஷம் ஓட்டினா 32 லட்சம் வரும்? ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு அப்புறம் என்ன வச்சிருக்கீங்க?” அவர் பதில் சொல்லவில்லை.

ஜார்ஜியா கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிக்க வேண்டும். அங்கேயே ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். திரும்பி வந்தால் இங்கே ஒரு தகுதித் தேர்வு, தேறினால் இன்னும் ஒரு வருடப் பயிற்சி. சமீபத்திய தேர்வுகள் பலவற்றில் எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறவில்லை. ஏஜெண்டின் வண்ணப் புத்தகத்தில் இந்தக் கதை இருக்காது. சொந்தக் காசு இருப்பவர்கள் துணியட்டும். வீட்டை அடமானம் வைத்துப் போகக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. இதைச் சொல்வதால் சித்தப்பாக்கள் என்மேல் கோபப்படுகிறார்கள். பட்டுக்கொள்ளட்டும். வட்டி கட்டப்போவது அவர்கள் இல்லை.

சரி, அந்தப் பெண் ஏன் நர்சிங் என்கிறாள்? எம்பிபிஎஸ் கிடைக்காத ஏமாற்றத்தில் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை நான் நர்சிங் பக்கம் அனுப்புவதில்லை. ஐந்து வருடம் கழித்து வார்டில் நின்று நோயாளியிடம் எரிந்து விழுவார்கள். இவளிடம் தனியாகப் பேசினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தாத்தாவுக்குப் பக்கவாதம். மதுரை பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். பிறகு வீட்டில் எட்டு மாதம். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு சிஸ்டர் சொன்னாராம். ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து திருப்பியது இவள்தான். யூரின் பையில் எத்தனை மில்லி, மூக்குக் குழாயில் எவ்வளவு கஞ்சி போனது, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாளாம். யாரும் எழுதச் சொல்லவில்லை. தாத்தா போகிறவரை முதுகில் ஒரு புண் இல்லை.

நான் இருபது வருடமாகப் பிள்ளைகளின் ‘ஆர்வம்’ பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது வாய்வார்த்தை. இந்த நோட்டைப் போல ஒரு சாட்சி அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதனால் அம்மாவிடம் சொன்னேன், “உங்க பொண்ணு ஏற்கெனவே நர்ஸ்தான். இனி அதுக்கு ஒரு நல்ல காலேஜ் மட்டும் பார்க்கணும்.”

நர்சிங் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த வழிகளை நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது. அதற்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மார்க்கே போதும். அதற்கும் போடுங்கள். தனியார் கல்லூரி என்றால் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டிலில் ஆள் படுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். பல வருடத்துக்கு முன்னால் என் பேச்சைக் கேட்டு அப்படி ஓர் இடத்தில் சேர்ந்த பெண், பாதியில் நிற்க நேர்ந்தபோது சான்றிதழைத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் அலைந்தாள். அது என் தவறும்தான். அன்று நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். அந்த 341 மார்க்கை வைத்துத்தான் மூன்று வாரமாக வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அதே மார்க்கை வைத்து விண்ணப்பிக்கக்கூடிய இன்னொரு கதவு இருக்கிறது. ராணுவத்தின் பி.எஸ்சி. நர்சிங். சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். “பட்டாளத்துலயா சார்?” என்றார். ஆமாம், பட்டாளத்தில்தான்.

முப்படைகளின் மருத்துவப் பிரிவு ஆறு ஊர்களில் நர்சிங் கல்லூரி நடத்துகிறது. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு. எல்லாம் பெரிய ராணுவ மருத்துவமனைகளோடு ஒட்டியவை. மும்பையில் இருப்பது கடற்படையின் அஸ்வினி மருத்துவமனை, பெங்களூரில் விமானப்படையின் மருத்துவமனை. ஆறிலும் சேர்த்து வருடத்துக்கு 220 இடம். நாலு வருடப் படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சீருடைக்குத் தனியாகத் தொகை. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்தவர்கள் ராணுவச் செவிலியர் பணியில் லெப்டினண்டாகச் சேர்கிறார்கள். லெப்டினண்ட் என்றால் அதிகாரி. தோளில் நட்சத்திரம், எதிரே வருகிற சிப்பாய் சல்யூட் அடிப்பார்.

தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதோடு செவிலிய அதிகாரிகளுக்கான ராணுவப் பணி ஊதியம் 10,800. பிறகு அகவிலைப்படி. இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்கிற பெண்கள் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் சம்பளம் சொல்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஒப்பந்தச் செவிலியர்கள் 18,000 தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, நிரந்தரம் எப்போது என்று போராட வேண்டியிருக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம்? பெண்கள் மட்டும். பையன்களை வைத்திருக்கிற பெற்றோர் மன்னிக்கவும், இந்தக் கதவு உங்களுக்கு இன்னும் திறக்கவில்லை. திருமணம் ஆகியிருக்கக்கூடாது. விவாகரத்தானவர்களும் கணவரை இழந்தவர்களும், பிள்ளை இல்லாதவர்களாக இருந்தால், போடலாம். வயது 17லிருந்து 25க்குள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, முதல் முயற்சியிலேயே தேறி, 50 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். அந்த வருடத்து நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். நீட் முடிவு வந்த பிறகு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் அறிவிப்பு வரும். கடைசித் தேதி சீக்கிரம் முடிந்துவிடும். பொறியியல் கலந்தாய்வைப் பற்றித் தெருவே பேசும், இதைப் பற்றி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆடி பிறக்கட்டும், இணையதளத்தைப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீட் முடிவு வந்த அன்றிலிருந்தே பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

நீட் மார்க் வரிசைப்படி கொஞ்சம் பேரைக் கூப்பிடுவார்கள். 341க்குக் கட்டாயம் அழைப்பு வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வருடாவருடம் அந்த எல்லை ஏறும், இறங்கும். கூப்பிட்டால் நுண்ணறிவு, ஆங்கிலம் இரண்டிலும் சேர்த்து 80 மார்க்குக்குக் கம்ப்யூட்டர் தேர்வு. அதன்பின் மனநிலைச் சோதனை, நேர்முகம், கடைசியாக மருத்துவப் பரிசோதனை. நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த ஆங்கிலத்திலும் நேர்முகத்திலும்தான். பாடம் தெரியாமல் இல்லை. எதிரே சீருடையில் நாலு பேர் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இதுவரை இனிப்பாகச் சொல்லியாயிற்று. கசப்பும் உண்டு. சேரும்போதே பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் கொண்டுவந்த வீட்டுப் பத்திரம் இல்லை, ஒப்பந்தப் பத்திரம். படிப்பு முடிந்தால் ஐந்து வருடம் பணியாற்ற வேண்டும். பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு என்பது அறிவிப்பிலேயே இருக்கும், அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். நிரந்தரப் பணியா, குறுகிய காலப் பணியா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஜெர்மனி, துபாய் என்று கணக்குப் போடுகிற குடும்பம் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதற்கும் ஏஜெண்ட் தேவையில்லை, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களை அனுப்புகிறது.

பணியிடம் உங்கள் கையில் இல்லை. ஜம்மு வரலாம், அசாம் வரலாம். வெலிங்டனிலும் சென்னையிலும் ராணுவ மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக அங்கேயே போட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஹிந்தி கற்றுக்கொண்டே ஆக வேண்டும். விடுதியில் எழுவது, சாப்பிடுவது, வெளியே போவது எல்லாம் மணி அடித்தபடி. அதையெல்லாம் தாங்குவாளா என்று அம்மா கேட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவளைப் பற்றியா கேட்கிறீர்கள்?

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று தெரியும். “நர்சுன்னா பொண்ணு பார்க்க வர்றவங்க யோசிப்பாங்களே சார்.”

1976இல் இந்திய ராணுவத்தில் முதல்முறையாக ஒரு பெண் மேஜர் ஜெனரல் ஆனார். ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம். அவர் சண்டை போடும் பிரிவில் இருந்தவர் அல்ல, டாக்டரும் அல்ல. ராணுவச் செவிலியர் பணியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நர்ஸ். இதை அம்மாவிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அதே ராணுவம் 1988இல் செலினா ஜான் என்ற செவிலிய அதிகாரியை, கல்யாணம் செய்துகொண்டார் என்று வீட்டுக்கு அனுப்பியது. அவர் விடவில்லை. வழக்கு பல வருடம் நடந்து, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படி அனுப்பியது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்த விதி 1995லேயே போய்விட்டது. ஆக, படிக்கும்போது கல்யாணம் கூடாது. வேலைக்குப் போன பிறகு கல்யாணம் ஆனதற்காக யாரும் வெளியே அனுப்ப முடியாது. மாப்பிள்ளை வீட்டார் யோசித்தால் யோசிக்கட்டும். இருபத்திரண்டு வயதில் கடனில்லாமல், சொந்தச் சம்பளத்தோடு நிற்கிற பெண்ணும் கொஞ்சம் யோசிப்பாள், இவர்கள் வேண்டுமா என்று.

தாய்மாமன் சொன்ன லாங் டேர்மைப் பற்றி அப்பா கடைசியில் கேட்டார். நான் மகளைக் கேட்கச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் தெளிவாக, “நான் மறுபடி எழுதினாலும் நர்சிங்தான்பா போவேன்” என்றாள். பிறகு எதற்கு அந்த ஒரு வருடம்? அதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிடித்ததைப் படிக்கிற பிள்ளையே நடுராத்திரி டியூட்டியில் சோர்ந்துபோகும். பிடிக்காததில் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று அடிக்கடி என்னிடம் திரும்பி வருகிறவர்கள் மூலம் எனக்குத் தெரியும்.

முடிவாக நாங்கள் போட்ட திட்டம் இது. ராணுவம், ஜிப்மர், தமிழ்நாடு அரசுக் கலந்தாய்வு, மூன்றுக்கும் விண்ணப்பம். ராணுவத்துக்குக் காத்திருந்து அரசுக் கல்லூரி இடத்தை விட்டுவிடக் கூடாது. பெங்களூர் கிடைத்தால் அம்மாவுக்கு நிம்மதி. விருதுநகரில் சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். தினமும் ஆங்கிலப் பேப்பரில் ஒரு பக்கத்தை, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் வேண்டாம், அப்பாவுக்கு முன்னால். அவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

உயரம் 152 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. கதவு நிலையில் நிற்கவைத்து டேப் பிடித்தோம். 155 இருந்தாள். கண், காது, எடை, பல் எல்லாம் பார்ப்பார்கள் என்றதும் வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் இரண்டு சொத்தை. வீட்டுப் பத்திரத்தைப் பையில் திரும்ப வைத்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பல் டாக்டரைப் பார்த்து அந்த இரண்டையும் அடைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.