ஒன்பது பெற்ற பாட்டி

கேள்வி: என் பாட்டி ஒன்பது பெற்றார். நாற்று நட்டார், மாவாட்டினார், 88 வயது வரை கண்ணாடி போடாமல் வாழ்ந்தார். என் மருமகள் ஒன்றைப் பெற்றுவிட்டு முதுகுவலி என்கிறாள். நிறையப் பெற்றால் உடம்பு உரமேறும் என்பது உண்மைதானே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நான்காவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள் யாருக்கும் கதை சொல்லும் பாட்டி ஆவதில்லை ஐயா. அதனால் உங்கள் கணக்கில் அவள் வரவில்லை.

பழைய சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையை அடுத்தவர் கை உதவாமல் இறக்கி வைக்கத் தோதான உயரம். பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்காக வீட்டார் நட்டது அது. சிலவற்றில் அவள் பெயரும் உண்டு. 'இரண்டாந்தாரம்' என்ற சொல் நம் வீடுகளில் அவ்வளவு சகஜமாகப் புழங்கியதும் சும்மா இல்லை. அரண்மனை வைத்தியர்கள் இருந்தும் மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் 14ஆவது பிரசவத்தில் இறந்தார். அவருக்கு நட்ட கல் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஒரு கர்ப்பத்துக்குத் தாயின் உடம்பிலிருந்து சுமார் ஒரு கிராம் இரும்புச்சத்து செலவாகிறது. கேட்க அற்பமாக இருக்கும். சோறும் ரசமும் சாப்பிட்டு அதை ஈடுகட்ட நாளாகும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வருடத்துக்கு ஒன்றாகப் பெற்றவர்களுக்கு ஏது இடைவெளி? கருப்பை இறங்கியதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே நாற்று நட்டவர்கள் உண்டு. பேரனிடம் அதையெல்லாம் சொல்வார்களா?

சரி, உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அதிகம் பெற்றவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்புக் கூடுகிறது.

முதுகுவலிக்கு மருமகளை டாக்டரிடம் அனுப்புங்கள். அப்புறம், ஒன்றே போதும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் ஆபரேஷனை உங்கள் மகன் செய்துகொள்ளட்டும். சின்ன வேலை, அன்றே வீடு திரும்பலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர்.