வானத்தில் கரும்புள்ளி: பழைய ரிக்கோ ஜிஆர் 3 வாங்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ரிக்கோ ஜிஆர் 3 பாக்கெட் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. கீறல்கூட இல்லை. ‘லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, தூசியே போகாது’ என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பார்க்க வேண்டியது தூசியைத்தான். ஆன் செய்யும்போது இந்த லென்ஸ் வெளியே நீள்கிறது, ஆஃப் செய்தால் உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொள்கிறது, காற்றோடு தூசியும் வருகிறது. தூசி, ஈரம் தடுக்கும் சீலிங் இதில் கிடையாது. பேன்ட் பாக்கெட்டிலேயே கிடந்த கேமரா என்றால் துணிப் பஞ்சும் போயிருக்கலாம். லென்ஸ் மாற்றும் கேமராவில், படத்தைப் பதியும் சென்சாரை ஊதித் துடைத்துவிடலாம். இதில் சென்சாரைத் தொடவே கேமராவைப் பிரிக்க வேண்டும்.

விற்பவர் எதிரிலேயே சோதித்துவிடுங்கள். ஏவி மோட் (லென்ஸின் துளையை நாமே வைப்பது), எஃப்/16 (மிகச் சிறிய துளை), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1 (படத்தை ஒரு படி வெளிச்சமாக்குவது). ஃபோகஸை மேனுவலில் இன்ஃபினிட்டிக்குத் தள்ளி, ஒரு வெள்ளைச் சுவரைக் கிட்டத்தில் எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல அசையுங்கள். சுவரின் அழுக்கு கலங்கிப் போகும். சென்சார்மேல் உள்ள தூசி அதே இடத்தில் புள்ளியாக நிற்கும்; வானத்தை எடுத்தால் கரும்புள்ளியாக விழுவதும் இதுதான். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையும் பாருங்கள். அதே சுவரை எஃப்/2.8-இல் எடுத்தால் புள்ளி மறைந்துவிடும். லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) சிறிதாகும்போதுதான் தூசியின் நிழல் கூர்மையாக விழும். அதனால்தான் விற்பவர் காட்டும் இரவுப் படங்களில் எதுவும் தெரியாது.

புள்ளி இருந்தால் மெனுவில் உள்ள டஸ்ட் ரிமூவல் வசதியை நாலைந்து முறை ஓடவிட்டு மறுபடி எடுங்கள். ஒட்டாத தூசி உதிர்ந்துவிடும். எஃப்/16-இல் மட்டும் ஒன்றிரண்டு மங்கலாகத் தெரிந்தால் வாங்கலாம், எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாம். எஃப்/5.6-இலேயே தெரிந்தால் வேண்டாம். லென்ஸ் வாயில் வாக்குவம் கிளீனர் வைத்து இழுக்கும் வைத்தியமும் வேண்டாம். லென்ஸ் நகரும் பாகங்கள் கெட்டால் செலவு இன்னும் கூடும்.

பின்பக்கச் சக்கரம் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு படிதான் நகர்கிறதா, பிடியின் ரப்பர் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஃபிளாஷ் கிடையாது. பேட்டரி புதிதாக இருந்தாலே நிறுவனக் கணக்கில் சுமார் 200 படங்கள்தான், ஆகவே இன்னொரு டிபி-110 பேட்டரியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘புதுசு மாதிரி, பெட்டியோடு’ என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்காக இருக்கலாம். இந்திய வாரன்டியை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஜிஆர் 3-இல் தெருவில் படமெடுத்தால் பாதிக்குமேல் ஃபோகஸ் தவறுகிறது. 28 மி.மீ. லென்ஸ்தானே, எல்லாமே தெளிவாக வர வேண்டாமா?

பதில்: ஆட்டோஃபோகஸை விட்டுவிடுங்கள். முன்பே குறித்த தூரத்தில் ஃபோகஸை நிறுத்தும் ஸ்னாப் ஃபோகஸில் 2 மீட்டர், அப்பர்ச்சர் எஃப்/8. 28 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேம் கேமரா கணக்கு; இந்தக் கேமராவின் உண்மையான ஃபோகல் லென்த் 18.3 மி.மீ. என்பதால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை தெளிவாக வரும். ஒரு மீட்டருக்குள் வருபவரை மட்டும் தொடுதிரையில் தட்டி எடுங்கள்.

ஃபோகஸ் தவறியது என்று நீங்கள் நினைப்பதில் பாதி, ஆள் அசைந்ததாகவே இருக்கும். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கைநடுக்கத்துக்கு மட்டும்தான், நடப்பவரை அது நிறுத்தாது. ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்பில் குறைந்தபட்ச ஷட்டரை 1/250, மேல் எல்லையை 6400 என வையுங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தால் வரட்டும்.

கேள்வி: உச்சி வெயிலில் வானம் வெளுக்கிறது, முகம் கறுக்கிறது. போனிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஜேபெக்கில் வெளுத்துப்போன வானம் திரும்பாது. டிஎன்ஜியும் (சுருக்காத ரா ஃபைல்) சேர்த்துப் பதியுங்கள். எக்ஸ்போஷரை -0.7 வைத்து வானத்தைக் காப்பாற்றுங்கள். இருட்டை டிஎன்ஜியிலிருந்து பின்னால் எடுத்துக்கொள்ளலாம். கார்டு ரீடர் வழியாகப் போனுக்கு மாற்றி, இலவச ஸ்னாப்சீட் செயலியில் திறங்கள். முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு ஹைலைட்ஸைக் குறைத்து ஷேடோஸை ஏற்றுங்கள், மொத்த எக்ஸ்போஷரைக் கடைசியில் தொடுங்கள். ஷேடோஸை முழுக்க இழுத்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்; பாதியில் நிறுத்திவிட்டு, முகத்தை மட்டும் செலக்டிவ் கருவியால் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். நுணுக்கங்களைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரக்சரை முகம் இருக்கும் படத்தில் தொடாதீர்கள், தோல் திட்டுத்திட்டாகத் தெரியும்.

கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் உச்சி பின்னால் சாய்ந்ததுபோல் குறுகும். பெர்ஸ்பெக்டிவ் கருவி அதை நிமிர்த்தும், ஆனால் ஓரங்களை வெட்டிவிடும். எடுக்கும்போதே இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.