வயசுக்கு வருமுன் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கடுமையான மூளை முடக்குவாதம். உட்கார வராது, பேச வராது, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள். மார்பு வளரத் தொடங்கிவிட்டது. நான் தேயிலை பறிக்கப் போனால் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். "வயசுக்கு வருமுன் கர்ப்பப்பையை எடுத்துவிடு, நாளைக்கு எவனாவது கெடுத்தாலும் பயமில்லை" என்கிறார்கள் உறவினர்கள். நானும் கணவரும் கையெழுத்துப் போட்டால் போதுமா?
— ஒரு தாய், கோத்தகிரி

பதில்: போதாது, சகோதரி. மாற்றுத்திறனாளி ஒருவரை மலடாக்கும் எந்தச் சிகிச்சையையும், விவரம் புரிந்து அவரே தரும் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு. பெற்றவர்கள் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

சட்டம் கிடக்கட்டும், உறவினர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். கர்ப்பப்பை இல்லை என்பதால் கெடுக்க வருகிறவன் திரும்பிப் போகமாட்டான். நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். அந்த அறுவை காப்பாற்றுவது அவனை. நீங்கள் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் யார் வந்து போகிறார்கள், பாட்டியைத் தவிர யார் அவளைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"சுத்தம் செய்ய முடியாது" என்பது உங்கள் மனதில் இருந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் அளந்து பாருங்கள். ஒரு மாதவிலக்கில் மொத்தமாகப் போகும் இரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி. ஒரு காபி டம்ளரில் கால் பங்கு வராது. அவள் ஒரே தடவையில் விடும் சிறுநீர் அதைவிட அதிகம். ஏற்கெனவே டயப்பர் கட்டும் பிள்ளைக்கு மாதம் நாலைந்து நாள் கூடுதலாக ஒரு தடவை கழுவ வேண்டியிருக்கும்.

உண்மையான தொல்லை வலியும், அதிகப் போக்கும், அந்த நாட்களில் கூடும் வலிப்பும்தான். வயசுக்கு வந்த பிறகு மூன்று நான்கு சுழற்சிக்குத் தேதி, வலிப்பு எண்ணிக்கை, அழுகை, எத்தனை டயப்பர் நனைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அதை வைத்து மருத்துவர் படிப்படியாகப் போவார். முதலில் வலிக்கு மெஃபனமிக் ஆசிட், போக்கு அதிகமானால் டிரானெக்சாமிக் ஆசிட். போதாவிட்டால் மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். குறைந்தது 5 ஆண்டு வேலை செய்யும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி எலும்பைத் தேய்க்கும், எடையையும் கூட்டலாம். தூக்குகிற உங்கள் இடுப்பையும் நினையுங்கள். சாதாரணக் கருத்தடை மாத்திரை நடமாட்டமில்லாத பிள்ளைக்கு இரத்தக் கட்டி அபாயம் தரும், ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் சினைப்பை வேலை செய்துகொண்டே இருக்கும். ஹார்மோன் ஏற்ற இறக்கமும் அதையொட்டிய வலிப்பும் நிற்காது. சினைப்பையையும் எடுத்தாலோ, நிற்காத பிள்ளையின் மெலிந்த எலும்பு இன்னும் நொறுங்கும்.

1994-இல் புனேயில் அரசுக் காப்பகப் பெண்களுக்கு, சுத்தம் என்று காரணம் சொல்லித்தான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே நின்றது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2004-இல் ஆஷ்லி என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பெற்றோர் கேட்டு, மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் ஒப்பி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். உயரம் கூடாதிருக்க ஹார்மோனும் கொடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவில்லாமல் அந்த அறுவையைச் செய்தது தவறு என்று 2007-இல் மருத்துவமனையே ஒப்புக்கொண்டது. அந்தப் பெற்றோருக்கும் மகள்மேல் பாசம் குறைவில்லை.

கேள்வி: மகனுக்கு 7 வயது, 11 கிலோ. ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒன்றரை மணி நேரம். இந்த ஆண்டில் மூன்று தடவை நிமோனியா. வயிற்றில் குழாய் வைக்கச் சொல்கிறார் மருத்துவர். "வாய் ருசியைப் பறிக்காதே" என்கிறார் என் அம்மா.
— ஒரு தந்தை, கொடைக்கானல்

பதில்: முந்தைய கேள்வியோடு இதைச் சேர்க்காதீர்கள். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது; இது அப்படியல்ல. குழாயை எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: விழுங்கும் பரிசோதனையில் அனுமதி கிடைத்தால் ரசத்தையோ தேனையோ துளி நாக்கில் தடவலாம். முதலில் மூக்குக் குழாயில் 4 முதல் 6 வாரம் பார்ப்பது வழக்கம். எடை ஏறினால் வயிற்றுக் குழாயை யோசியுங்கள். எச்சில் புரையேறுவதையும் எதுக்களிப்பையும் குழாய் தடுக்காது; நிமோனியா குறையலாம், நின்றுவிடும் என்று யாரும் வாக்குத் தரக் கூடாது.

கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் குழாய் அடைக்கும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் 10 முதல் 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும்; முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. வத்தலக்குண்டு பக்கம் வளைவுகளில் இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள். குழாய் கழன்றால் சில மணி நேரத்தில் துளை சுருங்கிவிடும். மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் ஊர் உங்களுடையது. அதனால் மாற்றுக் குழாய் ஒன்று வீட்டில் இருக்கட்டும், போடும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். புதிதாக வைத்த முதல் சில வாரம் மட்டும் நீங்களாகச் சொருகக் கூடாது.

கேள்வி: மகனுக்கு அடுத்த மாதம் 18. மாற்றுத்திறனாளியான அவனுக்காக இனியும் நாங்கள்தானே கையெழுத்திட வேண்டும்?
— கூடலூர் வாசகர்

பதில்: தானாக அந்த உரிமை தொடராது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் படிவம் கேளுங்கள். அடையாள அட்டையும் வயதுச் சான்றும் கையில் இருக்கட்டும்.